ஆடலை மதிப்பிட வல்லவர் யார்? தொலைக்காட்சி நடனப் போட்டிகளும் ரசிகர் அபிப்பிராயமும்

ஆடலின் தராதரத்தை நிர்ணயிக்கும் உரிமை சாஸ்திரம் பயின்றவருக்கு உரியதா, கண்டு களிப்பவருக்கு உரியதா என்ற வினா தொலைக்காட்சி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுந்து, எக்காலத்திலும் முடிவு காணாமல் நம் காலம் வரையில் வந்து சேர்ந்திருக்கிறது. பிரபலஸ்தர்களை ஜோடி சேர்த்து மேடையேற்றி, ஒருபுறம் நடுவர் மதிப்பெண் இடவும் மறுபுறம் பொதுமக்கள் வாக்களிக்கவும் ஏற்பாடு செய்யும் நிகழ்ச்சிகள் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகெங்கும் பரவிய பின்னர், அவ்வினா வித்வத் சபைகளைக் கடந்து சாதாரணக் குடும்பங்களின் கூடத்துக்குள்ளும் புகுந்தது. அவிநாசிக்கு வடக்கே, நிலக்கடலை ஏலத்துக்கும் வாலீஸ்வரர் கோயிலுக்கும் பேர்பெற்ற சேவூரிலும், அதனைச் சூழ்ந்த விசைத்தறி, பனியன் தொழில் கிராமங்களிலும், "மார்க் போட்டது சரியில்லை" என்ற வாக்கியம் ஆடலைப் பற்றிய விமரிசனமாகவே வழங்கத் தலைப்பட்டது. அந்த வாக்கியத்தின் பின்னால் நிற்கும் வாதங்கள் எவை, அவை எங்கிருந்து பிறந்தன, எந்த இடத்தில் வலுவிழக்கின்றன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய விடைகள்

இவ்வினாவுக்கு நம் தேசத்தில் கிடைக்கும் மிகப் பழைய விடைகளுள் ஒன்று பரதரின் நாட்டிய சாஸ்திரத்தில் உள்ளது. ஆட்டத்தின் வெற்றியை அந்நூல் சித்தி என வழங்கி, அதனை மானுஷம், தெய்விகம் என இரண்டாகப் பகுக்கிறது. அவையோர் புன்முறுவல் பூப்பது, வாய்விட்டுச் சிரிப்பது, 'நன்று' என ஆரவாரிப்பது, மயிர்க்கூச்செறிவது, ஆடைகளையும் மோதிரங்களையும் கழற்றி மேடைமேல் எறிவது ஆகியவை மானுஷ சித்தியின் அடையாளங்கள். அரங்கம் நிறைந்திருந்தும் ஓசையும் சலனமும் இன்றி அமைந்திருப்பது தெய்விக சித்தியின் அடையாளம். இவற்றோடு நில்லாமல், போட்டியென்று வரும்போது தீர்ப்புக் கூறப் பிராசினிகர் என்னும் நடுவர்களையும் அது நியமிக்கிறது. வேள்வி அறிந்தவர், நடிகர், யாப்பு வல்லவர், இலக்கண வித்வான், அரசர், வில்வித்தை தேர்ந்தவர், ஓவியர், கணிகை, இசைவாணர், அரச சேவகர் எனப் பதின்மர் அப்பட்டியலில் இடம்பெறுகின்றனர். வில்லாளி நிற்கும் நிலையையும், ஓவியர் வேஷத்தையும், கணிகை சிருங்காரத்தையும் மதிப்பிட வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் தத்தம் துறை வகுக்கப்பட்டிருப்பதை நோக்கினால், நிபுணத்துவம் ஒருவரிடமே முழுமையாக அமைவதில்லை என்ற உணர்வு அந்நூலாசிரியருக்கு இருந்தது என்று கொள்ள இடமுண்டு. இளைஞர் காதலிலும், முதியோர் புராணக் கதையிலும், கற்றோர் சாஸ்திர விஷயத்திலும் மகிழ்வர் என்று அவையோரின் ருசிபேதத்தையும் அது ஒப்புக்கொள்கிறது. ஆயினும் ஆரவாரமும் நடுவர் தீர்ப்பும் ஒன்றோடொன்று முரணும் இடத்தில் யாது செய்வது என்ற சிக்கல் பின்வந்தோருக்கே விடப்பட்டது.

சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதை இன்னொரு விடையைக் காட்டுகிறது. ஐந்தாம் வயதில் பயிற்சி தொடங்கிப் பன்னிரண்டாம் வயதில் மேடையேறும் மாதவிக்காக, ஆடலாசான், இசையாசான், கவிஞர், தண்ணுமையாசான், குழலோன், யாழாசிரியர் ஆகியோரின் தகுதிகளை இளங்கோவடிகள் விரிவாக எடுத்துரைக்கிறார். அரங்கம் ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் கொண்டது என்று அளவும் தருகிறார். ஆனால் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் அரசனிடமிருந்தே வருகின்றன. புகார் நகரத்து ஜனங்கள் அந்த ஆடலைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்கு அங்கே தனியிடம் இல்லை. மேற்கே டேவிட் ஹியூம் 1757-இல் ருசியின் அளவுகோலைப் பற்றி எழுதியபோது, நுண்ணுணர்வும் பயிற்சியும் ஒப்பீட்டறிவும் பாரபட்சமின்மையும் வாய்ந்த சிலரின் ஒருமித்த தீர்ப்பே அளவுகோல் என்றார். அத்தகைய சிலரைத் தெரிந்தெடுப்பவர் யார் என்று கேட்டால் அவருடைய வாதம் தள்ளாடுகிறது.

தமிழ்நாட்டில் இவ்வினா உக்கிரமாக எழுந்தது 1930-களில். 1931-இல் சென்னை சங்கீத வித்வத் சபை தேவதாசியரின் சதிர்க் கச்சேரிக்கு மேடை அளித்ததும், 1932-இன் இறுதியில் அவ்வாடலைத் தடுப்பதா காப்பதா என்று முத்துலட்சுமி ரெட்டியும் ஈ. கிருஷ்ணய்யரும் பத்திரிகைகளில் எதிரெதிராக எழுதியதும், 1935-இல் ருக்மிணி தேவி அடையாற்றில் ஆடியதும் பிரசித்தமானவை. அவ்விவாதத்தில் ஆடலின் அழகைவிட ஆடுவோரின் சமூக நிலையும் பார்ப்போரின் மனோபாவமுமே பெரிதும் பேசப்பட்டன. இது பிற்காலத்துக்கும் பொருந்தும். நடனத்தைப் பற்றிய பொது அபிப்பிராயம் என்று நாம் கருதுவதில் கணிசமான பங்கு ஆடுபவரைப் பற்றிய அபிப்பிராயமே. அதே தசாப்தத்தில் ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் ஆடல் பாடல் விமரிசனம் எழுதிய கல்கி, சாஸ்திர நுட்பம் அறியாத ரசிகரும் தயக்கமின்றித் தம் அனுபவத்தைச் சொல்லலாம் என்ற துணிவை வாசகருக்கு ஊட்டினார். இன்றைய தொலைக்காட்சி ரசிகரின் வாதத்துக்குத் தமிழ் வேர் தேடுவோர் அங்கிருந்து தொடங்குவது பொருந்தும்.

நடுவர் பக்கம்

பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகம் 1950-ஐ ஒட்டித் தொடங்கி ஏறக்குறைய அரை நூற்றாண்டு நடத்திய 'கம் டான்சிங்' என்னும் நிகழ்ச்சி பயின்ற ஜோடிகளின் போட்டி. அதன் வழிவந்து 2004 மே 15 அன்று தொடங்கிய 'ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்' ஒரு பெரிய மாறுதலைச் செய்தது: நடனம் அறியாத பிரபலஸ்தர் ஒருவரைத் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவரோடு இணைத்தது, தீர்ப்பையும் நடுவருக்கும் நேயர்களுக்கும் பகிர்ந்தளித்தது. அமெரிக்காவில் 2005-இலும், இந்தியாவில் 'ஜலக் திக்லா ஜா' என்ற பெயரில் சோனி தொலைக்காட்சியில் 2006-இலும் இதே ஏற்பாடு வேரூன்றியது.

நடுவர் பக்கத்து வாதம் எளிமையானது. வால்ட்ஸ் ஆட்டத்தில் குதிகால் முன்னே படுகிறதா, விரல்நுனி முன்னே படுகிறதா, உடல் எழுந்து தாழும் ஒழுங்கு தாளத்தோடு இசைகிறதா, ஜோடியின் கைப்பிடி சட்டம் குலையாமல் நிற்கிறதா என்பவை கண்ணால் கண்டு 'சரி', 'தவறு' என்று சொல்லத்தக்கவை. இவற்றை அறியாதவர் வாக்களிப்பது நியாயமாகாது என்பர். 2008-இல் பிரிட்டிஷ் போட்டியில் அரசியல் செய்தியாளர் ஜான் சார்ஜென்ட் நடுவரிடம் குறைந்த மதிப்பெண்ணும் மக்களிடம் மிகுந்த ஆதரவும் பெற்று, தாமே வென்றுவிடக்கூடும் என்ற நிலை வந்தபோது நவம்பர் 19 அன்று விலகிக்கொண்டதும், 2018-இல் அமெரிக்கப் போட்டியில் வானொலி அறிவிப்பாளர் பாபி போன்ஸ் நடுவர் கணக்கில் பின்தங்கியும் பட்டம் வென்றதும் இவ்வாதத்துக்கு உதாரணமாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றன. அடுத்த ஆண்டிலேயே அமெரிக்க நிகழ்ச்சி, கடைசி இருவரில் யாரைக் காப்பது என்ற அதிகாரத்தை நடுவர்களுக்கு அளித்தது.

இவ்வாதத்தின் பலவீனம் நடுவர்களிடமே இருக்கிறது. தொலைக்காட்சி நடுவர் பிராசினிகரைப் போல் தம் துறையளவில் தீர்ப்புக் கூறி நிற்பதில்லை. அவரும் நிகழ்ச்சியின் கதாபாத்திரம் ஆகிவிடுகிறார். கால் வைப்பைப் பற்றிய சொல்லும், ஆடை அலங்காரத்தைப் பற்றிய சொல்லும், ஆடுவோரின் உழைப்பைப் பற்றிய சொல்லும் ஒரே எண்ணுக்குள் அடங்குகின்றன. அந்த ஏழோ எட்டோ எதற்கு எவ்வளவு என்று பகுத்துக் காட்டப்படாதவரை, அதனை எதிர்க்கும் ரசிகரை அறியாமையின் பேரால் ஒதுக்குவது கடினம்.

ரசிகர் பக்கம்

ரசிகர் பக்கத்தில் ஒன்றல்ல, குறைந்தது மூன்று வாதங்கள் உள்ளன. அவை பலசமயம் ஒன்றாகக் கலந்து பேசப்படுவதால் குழப்பம் நேர்கிறது. முதலாவது, எண்ணிக்கையே அறிவு என்பது. 1785-இல் பிரெஞ்சு அறிஞர் கொந்தோர்செ, ஒவ்வொருவரும் தனித்துச் சிந்தித்து, சரியாகத் தீர்ப்பளிக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் இருக்குமானால், கூட்டம் பெருகப் பெருகப் பெரும்பான்மையின் முடிவு உண்மையை நெருங்கும் என்று கணித முறையில் காட்டினார். வாய்ப்பு பாதிக்குக் கீழே இருந்தால் விளைவு தலைகீழாகும் என்பதும் அதே கணிதம் தரும் முடிவே. நட்சத்திர அபிமானத்தால் கூட்டமாகச் சாயும் வாக்கு தனித்துச் சிந்தித்த வாக்கு ஆகாது என்பதையும் மறத்தலாகாது.

இரண்டாவது வாதம், வாக்கு என்பது ஆடலுக்கு அன்று, முன்னேற்றத்துக்கு என்பது. முதல் வாரம் கால் இடறியவர் எட்டாம் வாரம் தடையின்றி ஆடுவதைக் கண்டு வாக்களிப்பவர், ஆட்டத்தின் உயர்வைவிட உழைப்பின் தூரத்தை அளக்கிறார். இவ்வாதத்தை நான் மிக வலுவானதாகக் கருதுகிறேன். காரணம், பயிலாத ஒருவரை வாரந்தோறும் பயிற்சிக் காட்சிகளோடு காட்டும் இந்நிகழ்ச்சியின் அமைப்பே அப்படி அளக்கும்படி ரசிகரைத் தூண்டுகிறது. விதியில் எழுதாத ஓர் அளவுகோலைக் காட்சியால் கற்றுக்கொடுத்துவிட்டு, அதைக்கொண்டு அளந்தவரைக் குறைகூறுவது முறையாகாது.

மூன்றாவது, உரிமைப்பாடு. நம்மவர், நம் ஊரார், நம் மொழியார் என்ற பற்றினால் அளிக்கும் வாக்கு. இதன் எல்லை எவ்வளவு விரியும் என்பதற்கு நடனத்திலன்றி இசையில் ஓர் உதாரணம் உண்டு. 2007-இல் 'இந்தியன் ஐடல்' போட்டியில் டார்ஜிலிங்கைச் சேர்ந்த காவலர் பிரசாந்த் தமாங் வென்றபோது, மலைப்பிரதேசத்து மக்கள் திரண்டு அனுப்பிய குறுஞ்செய்திகள் பாட்டுக்கு அளித்த வாக்காக மட்டும் இருக்கவில்லை. அவ்வெழுச்சி ஓய்வதற்குள் அதே ஆண்டு அக்டோபரில் கூர்க்கா ஜனமுக்தி மோர்ச்சா தோன்றியது. ஒரு ஜனசமூகம் தன்னைத் தேசத்தின் முன் காட்டிக்கொள்ளக் கிடைத்த வாயிலாக வாக்கைப் பயன்படுத்தியதைக் கலை அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமன்று. அதைக் கலைத் தீர்ப்பு என்று சொல்வதும் சரியாகாது.

கணக்கில் நேரும் இடர்

இரு தரப்பையும் சமமாக மதிப்பதாகக் கொண்டு இருவர் கணக்கையும் கூட்டினால் சண்டை தீரும் என்பது நிகழ்ச்சி நடத்துவோரின் நம்பிக்கை. 2008 டிசம்பர் 13 அன்று லண்டனில் நடந்த 'ஸ்ட்ரிக்ட்லி' அரையிறுதி அதை அசைத்தது. மூன்று ஜோடிகள் எஞ்சியிருந்தன. நடுவர் வரிசையில் முதலிடத்துக்கு மூன்று, அடுத்தவருக்கு இரண்டு, கடைசியவருக்கு ஒன்று என்றும், நேயர் வாக்கு வரிசையிலும் அவ்வாறே என்றும் புள்ளி வழங்குவது விதி. கூட்டுத் தொகையில் கீழே நிற்கும் இருவர் மீண்டும் ஒருமுறை ஆடித் தப்ப வேண்டும். அன்று நடுவர் கணக்கில் ரேச்சல் ஸ்டீவன்ஸும் லிசா ஸ்னோடனும் சமநிலை பெற்றதால் இருவருக்கும் மும்மூன்று புள்ளிகள் கிடைத்தன. டாம் சேம்பர்ஸுக்கு ஒன்றே. நேயர் அனைவரும் டாமுக்கே வாக்களித்தாலும் அவருடைய மொத்தம் நான்கைத் தாண்டாது. மற்ற இருவரில் ஒருவருக்கு ஐந்தும் மற்றவருக்கு நான்கும் வந்தே தீரும். ஆகவே கட்டணம் செலுத்தி டாமைக் காக்க முயன்றவர்களின் வாக்கு தொடக்கத்திலேயே பயனற்றதாகிவிட்டது. நிலையத்தார் மூவரையும் இறுதிப் போட்டிக்கு அனுப்பி, வாக்குகளையும் அதனோடு சேர்த்தனர். நடுவர் கணக்கில் கடைசியாய் நின்ற டாமே அடுத்த வாரம் பட்டம் வென்றார் என்பது கவனிக்கத்தக்கது.

வாக்கின் நாணயத்தைப் பற்றிய சந்தேகமும் அக்காலத்தில் வலுத்தது. தொலைபேசி வாக்கு முறைகேடுகளுக்காக 2008-இல் பிரிட்டனின் ஐடிவி நிறுவனம் 56 லட்சம் பவுனுக்கு மேல் அபராதம் செலுத்த நேர்ந்தது. எண்ணிக்கை வெளியிடப்படாத வாக்கெடுப்பில் பொதுமக்கள் அபிப்பிராயம் இன்னது என்று எவரும் உறுதியாகச் சொல்ல இயலாது என்ற ஆட்சேபத்துக்கு இன்றளவும் போதிய விடை கூறப்படவில்லை.

தமிழ்த் திரையில்

விஜய் தொலைக்காட்சியில் 2006-இல் தொடங்கிய 'ஜோடி நம்பர் ஒன்', கலைஞர் தொலைக்காட்சியில் 2007-இல் கலா மாஸ்டரின் பொறுப்பில் தொடங்கிய 'மானாட மயிலாட' ஆகிய இரண்டும் மேனாட்டு மாதிரியை அப்படியே தழுவியவை அல்ல. வால்ட்ஸும் சாச்சாவும் இங்கே தனித்தனிப் பிரிவாக நிற்காமல், சினிமாப் பாட்டுக்கு அமைத்த கலவை நடனத்தில் கரைந்துபோயின; சின்னத்திரை நடிகர்களே இருபுறமும் ஜோடியாயினர்; பெரும்பாலும் நடுவர் தீர்ப்பே முதன்மை பெற்றது. தமிழக அரசு 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின்மூலம் ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்குப் பெட்டி சென்றுசேர்ந்த அதே ஆண்டுகளில் இவை வளர்ந்தன என்பது தற்செயல் ஒற்றுமையாயினும் விளைவில் பெரிது. நடன விமரிசனம் எழுதும் பத்திரிகையைக் கையில் தொட்டறியாத வீடுகள், வாரந்தோறும் நடுவர் சொல்லும் சொல்லைக் கேட்டு, 'ஸ்டெப்', 'சிங்க்', 'கெமிஸ்ட்ரி' என்ற பரிபாஷையைக் கற்று, அதே பரிபாஷையால் அந்நடுவரையே எதிர்த்து வாதிடவும் பழகின.

நேயருக்கு வாக்கு குறைவாயிருந்த இந்த அமைப்பில், அபிப்பிராயம் வேறு வழியில் பாய்ந்தது. நடுவர் சிலம்பரசனுக்கும் போட்டியாளர் பப்லு பிருத்விராஜுக்கும் 'ஜோடி நம்பர் ஒன்' மேடையில் மூண்ட வாக்குவாதம் பல ஆண்டுகள் கழித்தும் நினைவுகூரப்படுவதற்குக் காரணம், தீர்ப்பை ஆடுபவர் எதிர்த்துக் கேட்கலாமா என்ற வினாவை அது அம்பலத்தில் நிறுத்தியதே. அக்காட்சி நிஜமா, ஏற்பாடா என்ற ஐயமும் உடன் எழுந்தது. ஐயமும் ஓர் அபிப்பிராயமே. ரசிகர் திரையில் கண்டதை அப்படியே விழுங்கிவிடுவதில்லை என்பதற்கு அது சான்று.

ஒழுக்கம் பற்றிய ஆட்சேபம் தனியே குறிப்பிடத்தக்கது. ஆடை, நெருக்கம், பாட்டின் பொருள் ஆகியவற்றைப் பற்றிக் குடும்பங்களில் எழும் முணுமுணுப்பைப் பழமை என்று ஒதுக்குவோர் உளர். ஆனால் குழந்தைகளைப் பெரியோரின் சிருங்கார நடனங்களை ஆடச்செய்வதைக் கண்டித்து மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019 ஜூனில் அறிவுரை வெளியிட்டதைக் கருதினால், அந்த முணுமுணுப்பில் நியாயமான கவலை கலந்திருந்தது புலனாகும்.

கண்டது எது?

இதுவரை கண்ட தரப்புகள் யாவும் நடுவரும் ரசிகரும் ஒரே ஆட்டத்தைக் கண்டு வேறு முடிவுக்கு வந்தனர் என்று கொள்கின்றன. இந்த அனுமானத்தையே நான் ஐயுறுகிறேன். மேடைக்குப் பத்தடி தூரத்தில் அமர்ந்த நடுவர் ஜோடியின் இரண்டு ஜதைக் கால்களையும் ஆட்டம் முழுவதும் காண்கிறார். வீட்டில் அமர்ந்தவருக்குக் கிடைப்பதோ இரண்டு மூன்று விநாடிக்கு ஒருமுறை மாறும் காட்சித் துண்டுகள்: கடினமான திருப்பம் வரும் கணத்தில் காமிரா முகத்துக்குச் செல்கிறது, மறுகணம் கைதட்டும் நடுவருக்கு, அடுத்த கணம் கண்கலங்கும் தாயாருக்கு, மேடைப் புகை முழங்கால் வரை மறைக்கிறது. கால் தவறியதை அவர் காணவில்லை. கண்ணில் தோன்றிய பயத்தையும் பின் தெளிந்த சந்தோஷத்தையும் கண்டார். அதற்கே வாக்களித்தார். அத்தீர்ப்பு, அவர் கண்ட பொருளைப் பொறுத்தவரை, பிழையன்று.

இந்நோக்கில் சேவூர் வட்டாரம் ஆராய்ச்சிக்கு உகந்த களமாகிறது. இங்குள்ள கிராமங்களில் வள்ளி கும்மி அண்மைக் காலத்தில் மறுமலர்ச்சி பெற்று, கோயில் திடல்களில் நூற்றுக்கணக்கானோர் ஒருசேர ஆடும் அரங்கேற்றங்கள் நடைபெறுகின்றன. பெண்களுக்கும் இக்கலையைப் பயிற்றுவித்த கோவைப் பகுதி ஆசிரியர் பத்திரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்தவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் வாரக்கணக்கில் மாலை நேரங்களில் வாத்தியாரின் பாட்டுக்கு அடி பழகுகிறார்கள். அரங்கேற்ற இரவில் சுற்றி நிற்பவர்களில் பலர் அந்த அடிகளை ஒத்திகையிலேயே பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்தவர்கள். வட்டத்தில் ஒருவர் குனியும் நேரத்தில் நிமிர்ந்தால், கைதட்டு ஓசை அந்த இடத்தில் பிசிறடிப்பதைச் சின்னப் பெண்ணும் உணர்ந்து "அங்க ஒரு அடி விட்டுப்போச்சு" என்கிறாள். அங்கே மதிப்பெண் இல்லை, வெளியேற்றம் இல்லை. அடி பிசகியவரைப் பக்கத்தில் ஆடுபவர் கண்ஜாடையால் சேர்த்துக்கொள்கிறார். ஆடல் அறியாத ஜனக்கூட்டம் என்று தொலைக்காட்சி ரசிகரைப் பற்றிப் பொதுவாகச் சொல்வது இத்தகைய ஊர்களுக்குப் பொருந்தாது.

எனினும் இவ்வாதத்தையும் அளவு கடந்து நீட்டலாகாது. கும்மியில் தேர்ந்த கண் கூட்டத்தின் ஒருமையைக் காணப் பழகியது. ஜோடி நடனமோ இருவர் உடலின் எடை ஒருவர்மேல் ஒருவர் சாயும் நுட்பத்தைச் சார்ந்தது. முன்னதில் பெற்ற பயிற்சி பின்னதற்கு உதவுமா என்பது தெளிவில்லை. பனியன் தொழிலுக்காக ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இவ்வட்டாரத்தில் தங்கியிருப்பவர்கள் கைப்பேசியில் காணும் நிகழ்ச்சிகள் வேறு, அவர்களுக்கு 'நம்மவர்' வேறு. ஆகையால் ஒரே தெருவிலேயே ரசிகர் அபிப்பிராயம் ஒன்றாக இருக்கும் என்று எண்ணவும் இயலாது.

எஞ்சி நிற்பவை

நடுவர் தரப்பு தன் அளவுகோலைப் பகுத்துக் காட்டினால் அதன் வலு கூடும். ரசிகர் தரப்பில் முன்னேற்ற வாதம் மற்ற இரண்டையும்விட நிலைபெறத்தக்கது. கூட்டுக் கணக்கு எதுவும் இரு தரப்பின் நோக்கத்தையும் முழுமையாக ஏந்துவதாகத் தெரியவில்லை. இவற்றை ஓரளவு துணிந்து சொல்லலாம். காட்சித் தொகுப்பு ரசிகரின் தீர்ப்பை எவ்வளவு தூரம் திருப்புகிறது என்பதே தீராத வினா; அது வாதத்தால் தீர்வதும் அன்று. ஒரே ஜோடி நடனத்தை, நகராத ஒற்றைக் காமிராவால் கால்கள் முழுவதும் தெரியும்படி ஒருமுறையும், நிலையத்தின் வழக்கப்படி தொகுத்து ஒருமுறையும் பதிவுசெய்து, வள்ளி கும்மி பயின்றோர் சிலருக்கும் பயிலாதோர் சிலருக்கும் தனித்தனியே காட்டி, நடுவர் மதிப்பெண்ணை மறைத்து மதிப்பிடச் சொல்ல வேண்டும். பயின்றோரும் பயிலாதோரும் முதல் பதிவில் வேறுபட்டு இரண்டாவதில் ஒன்றுபட்டால், ரசிகரின் அறியாமை என்று இதுகாறும் சொல்லப்பட்டதில் பெரும்பங்கு காமிராவின் கணக்கில் எழுத வேண்டியதாகும். இரண்டிலும் வேறுபட்டால், நடுவர் பக்கத்து வாதத்தைப் புதிதாக எடுத்து ஆராய வேண்டிவரும்.